பதிப்பாளர் ஒப்பந்தம்: கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்ப்பது, எதை மாற்றுவது

கைப்பிரதி பிடித்துவிட்டது என்று பதிப்பகம் சொல்லிவிட்டது. இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்று மின்னஞ்சலில் வந்திருக்கிறது. புத்தகக் காட்சிக்குள் அச்சுக்குப் போக வேண்டும், உடனே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்கிறார்கள். முதல் புத்தகமாக இருந்தால் சந்தோஷத்தில் கையெழுத்து விழும். பத்தாவது புத்தகமாக இருந்தால் பழகிய பதிப்பகம்தானே என்று விழும். ஐந்து, பத்து வருடம் கழித்து ஒலிநூல் நிறுவனமோ மொழிபெயர்ப்பாளரோ உரிமை கேட்டு வரும்போதுதான் அந்தக் கையெழுத்தின் விலை தெரியவரும்.

இந்தியாவில் எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் இடையே இரண்டு சட்டங்கள் நிற்கின்றன. ஒன்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், மற்றது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். இரண்டாவது சட்டம் எழுதியவர் பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது. எத்தனை வருடம், எந்த நாட்டில், அச்சிடாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால், அந்த இடங்களில் சட்டமே எழுத்தாளருக்குச் சாதகமான விடையை வைத்திருக்கிறது. ஆனால் அந்த விடைகள் ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தில் வரும் ஒரு சொல் அழித்துவிடும். ஆகவே ஒப்பந்தத்தை வாசிக்கும்போது எது விடுபட்டிருக்கிறது என்று தேடுவதைவிட, எந்தச் சொல் தேவையில்லாமல் உள்ளே நுழைந்திருக்கிறது என்று தேடுங்கள். இதற்கு விலக்கு பணம் ஒன்றுதான். அதை எழுதாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்கு.

உரிமை முதலில் யாருடையது

எழுதி முடித்த உடனேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. அதற்குப் பதிவோ முத்திரையோ தேவையில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளர் எழுதியவர்தான். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்தில், அந்த வேலையின் பகுதியாக எழுதினால் மட்டும் உரிமை முதலாளிக்குப் போகும். பத்திரிகை ஊழியர் தம் இதழுக்கு எழுதிய கதையை இதழில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, அதை நூலாக்கும் உரிமை எழுதியவருக்கே. வெளியிலிருந்து கதை அனுப்புகிறவருக்கு இந்தப் பிரிவினைகூடக் கிடையாது. சன்மானம் வாங்கிவிட்டதாலேயே கதை பத்திரிகைக்குச் சொந்தமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை கதை உங்களுடையது.

மொழிபெயர்ப்பாளருக்கு அவருடைய மொழிபெயர்ப்பில் தனி உரிமை உண்டு. மூல நூல் உரிமைக் காலத்துக்குள் இருந்தால் மூல உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். அட்டைப் படத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், வரையச் சொன்ன ஓவியத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். பதிப்பகம் பணம் கொடுத்திருந்தால் அட்டை அவர்களுடையது. பின்னால் வேறு பதிப்பகத்துக்குப் போகும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

கருவுக்கு உரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உரிமை. உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தலைப்புக்கு மட்டும் தனியாகப் பதிப்புரிமை கோர முடியாது என்று 2015-இல் அதே நீதிமன்றம் சொன்னது. உங்கள் தலைப்பில் இன்னொருவர் புத்தகம் போட்டால் பதிப்புரிமைச் சட்டம் கைகொடுக்காது.

எது செல்லும், எது செல்லாது

ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு கேட்பவை நான்கு: இரு தரப்பும் விரும்பிச் சம்மதித்திருக்க வேண்டும், இருவரும் ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும், இரு பக்கமும் ஏதாவது பெறுமதி கைமாற வேண்டும், நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பெறுமதி போதுமானதா என்று நீதிமன்றம் பொதுவாகப் பார்ப்பதில்லை. ஆயிரம் ரூபாய்க்கு நாவலையே எழுதிக் கொடுத்துவிட்டு, தொகை குறைவு என்ற ஒரே காரணத்தைச் சொல்லிப் பின்வாங்க முடியாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. 1903-இல், அன்று இந்திய வழக்குகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், மோகரி பீபி வழக்கில் தீர்த்துவைத்த விஷயம் இது. பள்ளி மாணவியின் கவிதைத் தொகுப்பு என்றால் பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும்.

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும். பதிப்புரிமையில் செல்லாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19(1)-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், உரிமையாளர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். உரிமம் கொடுப்பதும் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது 30-ஆம் பிரிவு. போனில் ‘சரி, போடுங்க’ என்று சொன்னதால் உங்கள் பதிப்புரிமை கைமாறிவிடாது. ஆனால் அந்த ஒரு அச்சுக்கு நீங்கள் சம்மதித்தீர்கள் என்று உங்கள் நடத்தையை வைத்தே பதிப்பாளர் வாதாட முடியும்.

நோட்டரி முத்திரை கட்டாயமில்லை. முத்திரைத்தாள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உரிய முத்திரைக் கட்டணம் செலுத்தாத ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. கட்டணத்தையும் அபராதத்தையும் கட்டும்வரை நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்காது, அவ்வளவுதான். மின்னணு ஒப்பந்தமும் செல்லும். சுலபமான வழி, இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது. பேச்சுவார்த்தை வாட்ஸப்பில் நடந்திருந்தால் உரையாடலை அழிக்காதீர்கள், பழைய போனை விற்றுவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் கேட்கிறது. வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாமல் போகலாம்.

ஒரே ஒரு வாக்கியம்

பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஆபத்து ஒரே வாக்கியத்தில்தான் இருக்கும். ஏறக்குறைய இப்படி:

“மேற்படி நூலின் பதிப்புரிமை உள்ளிட்ட சகல உரிமைகளையும், தற்போதுள்ள மற்றும் இனி வரவிருக்கும் எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதற்கும், நிரந்தரமாக, ஆசிரியர் பதிப்பாளருக்கு இதன்மூலம் மாற்றித் தருகிறார். பதிப்பாளர் எவ்வளவு காலம் பயன்படுத்தாவிட்டாலும் மேற்படி உரிமைகள் அவரிடமே நீடிக்கும்.”

சொல் சொல்லாகப் பார்க்கலாம்.

‘சகல உரிமைகள்’. 14-ஆம் பிரிவில் பதிப்புரிமை என்பது பல உரிமைகளின் கட்டு: அச்சிடுவது, பிரதிகளை வெளியிடுவது, மொழிபெயர்ப்பது, ஒலிப்பதிவு செய்வது, திரைப்படமாக்குவது, நாடகமாக நடிப்பது, வேறு வடிவத்துக்கு மாற்றுவது. புத்தகம் அச்சடிக்க வந்தவருக்கு இவற்றில் முதல் இரண்டு போதும். மின்னூல் வெளியிடுகிறார் என்றால் அதையும் சேர்க்கலாம். மற்றவற்றை அவர் என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள். ‘ஒன்றும் இல்லை, வழக்கமான வாசகம்தான்’ என்று பதில் வந்தால், அதை எடுத்துவிடுவதிலும் அவருக்கு நஷ்டமில்லை.

‘இனி வரவிருக்கும் வடிவங்கள்’. 2012-இல் 18-ஆம் பிரிவில் ஒரு விதி சேர்த்தார்கள். ஒப்பந்தம் போட்டபோது இல்லாத, அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத ஊடகத்துக்கு அந்த உரிமை மாற்றம் பொருந்தாது. அந்த ஊடகத்தைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் மட்டும் பொருந்தும். ‘இனி வரும் எல்லாம்’ என்ற பொத்தாம்பொதுவான சொல் அப்படிக் குறிப்பிட்டதாகுமா என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. ஆனால் வாதாட வக்கீலுக்குப் பணம் வேண்டும். சொல்லை இப்போதே அடித்துவிடுங்கள்.

‘உலகம் முழுவதற்கும்’. எல்லை எழுதாவிட்டால் 19(6) அதை இந்தியாவுக்குள் நிறுத்துகிறது. தமிழ்ப் புத்தகத்துக்கு இது வேறு எந்த இந்திய மொழியையும்விட முக்கியம். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் வாசகர்கள் இருக்கிறார்கள், இலங்கையில் தமிழ்ப் பதிப்பகங்களும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் அச்சாகும் ஒரு பதிப்புக்கு அங்கேயே உரிமம் கொடுக்க உங்களால் முடிய வேண்டும். இந்தியாவில் அச்சான பிரதிகளை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து விற்கப் பதிப்பாளருக்கு அனுமதி கொடுங்கள். அங்கே தனிப் பதிப்பு போடும் உரிமையை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

‘நிரந்தரமாக’. காலம் எழுதாவிட்டால் 19(5)-இன்படி ஐந்து ஆண்டுகள்தான். எழுதிவிட்டாலோ, எழுத்தாளரின் ஆயுளும் அவர் மறைந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகளும் போய்விடும். நாற்பது வயதில் கையெழுத்திட்டவர் எண்பது வரை வாழ்ந்தால் அந்த ஒரு சொல் நூறு ஆண்டுகளைக் கட்டிப்போடுகிறது. பேரப்பிள்ளைகளின் உரிமையும் அதில் போய்விடும். தமிழக அரசு மறைந்த எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுக்கிறதே, அங்கேயும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்விதான் முதலில் வரும்.

‘பயன்படுத்தாவிட்டாலும்’. ஆறுதல் தரும் 19(4)-ஐ அடித்துப்போடும் வாசகம் இது. உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை தானாகவே காலாவதியாகும் என்கிறது சட்டம். ‘வேறுவிதமாக எழுதாத வரை’ என்ற வாசலும் அதிலேயே இருக்கிறது. மேலே உள்ள கடைசி வாக்கியம் அந்த வாசல் வழியாக வந்ததுதான்.

அந்த வாக்கியத்துக்குப் பதிலாக இதை எழுதச் சொல்லுங்கள்:

“‘........’ என்ற தமிழ் நாவலை, தமிழ் மொழியில், அச்சு நூலாக, இந்தியாவுக்குள், இவ்வொப்பந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு வெளியிட்டு விற்கும் பிரத்யேக உரிமத்தை ஆசிரியர் பதிப்பாளருக்கு வழங்குகிறார். இங்கே குறிப்பிடாத எல்லா உரிமைகளும் ஆசிரியரிடமே இருக்கும். கைப்பிரதி பெற்ற நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் நூல் வெளிவராவிட்டால் இந்த உரிமம் முடிவுக்கு வரும்.”

‘மாற்றித் தருகிறார்’ என்ற இடத்தில் ‘உரிமம் வழங்குகிறார்’ என்று வந்திருப்பதைக் கவனியுங்கள். உரிமை மாற்றம் என்பது வீட்டை விற்பது போல, உரிமம் என்பது வாடகைக்கு விடுவது போல. ‘பிரத்யேக’ என்ற சொல் பதிப்பாளருக்கும் பாதுகாப்பு. அந்தக் காலத்தில் அதே வடிவத்தில் வேறு எவரும் போட மாட்டார்கள் என்று அவருக்கு உறுதி கிடைக்கிறது. பணம் போடுகிறவர் அவர், அந்த உறுதியை அவர் கேட்பது நியாயமே. மூன்று ஆண்டு போதாது, ஐந்து வேண்டும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஐந்துக்கு மேல் போக எங்களுக்குக் காரணம் தெரியவில்லை. புத்தகம் நன்றாக விற்றால் இருவருமே புதுப்பிக்கத்தான் போகிறீர்கள்.

பணக் கணக்கு

‘10 சதவீதம் ராயல்டி’ என்று மட்டும் எழுதினால் அது பாதி வாக்கியம். எதில் பத்து சதவீதம்? அட்டை விலையிலா, பதிப்பகத்தின் கைக்கு வந்த தொகையிலா? அட்டை விலை 300 ரூபாய், கடைக்காரருக்குக் கழிவு 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அட்டை விலையில் பத்து சதவீதம் என்றால் பிரதிக்கு 30 ரூபாய். கைக்கு வந்த 195 ரூபாயில் என்றால் 19 ரூபாய் 50 காசு. 312 பிரதி விற்றால் முதல் கணக்கில் 9,360 ரூபாய், இரண்டாவது கணக்கில் 6,084 ரூபாய். நூலகத் துறை வாங்கும் விலை அட்டை விலையாக இருக்காது என்பதால் அதற்குத் தனி விகிதம் எழுதுவது முறை. மின்னூலுக்கு அச்சுச் செலவு இல்லை, அங்கே பத்து சதவீதத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது ‘பதிப்பு’ என்ற சொல். ‘முதல் பதிப்புக்கு ஐயாயிரம் ரூபாய், அடுத்த பதிப்பிலிருந்து பத்து சதவீதம்’ என்று எழுதுவது பழைய வழக்கம். ஒரே அடியாக ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அடித்த காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. இப்போது தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அடிக்கிறார்கள். பக்கத்தில் எதையும் மாற்றாமல் அடித்துக்கொண்டே இருக்கலாம். முதல் பதிப்பு முடியவே முடியாது. உங்கள் பத்து சதவீதம் தொடங்கவும் தொடங்காது. எனவே ‘பதிப்பு என்பது 500 பிரதிகள்’ என்று எண்ணில் எழுதுங்கள். ‘புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பும்’ என்ற வாசகமும் இதே காரணத்தால் இன்று பயனற்றது. கோப்பு கணினியில் இருக்கும்வரை புத்தகம் அச்சில் இருப்பதாகச் சொல்லிவிடலாம். ‘தொடர்ந்து பன்னிரண்டு மாதத்தில் 50 பிரதிக்குக் குறைவாக விற்றால்’ என்பது போல விற்பனை எண்ணோடு கட்டுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31 வரையிலான கணக்கு அறிக்கை, அதன்பின் 60 நாளில் பணம் என்று எழுதலாம். அறிக்கையில் ஆண்டுத் தொடக்க இருப்பு, அச்சிட்டது, விற்றது, இலவசப் பிரதி, சேதம், முடிவு இருப்பு எல்லாம் இருக்க வேண்டும். பணத்தொகை மட்டும் எழுதிய ஒரு வரிக் கடிதம் கணக்கு ஆகாது. சரிபார்ப்பது எளிது: 500 அச்சிட்டார்கள், உங்களுக்கு 10, மதிப்புரைக்கு 15, விற்றது 312 என்றால் இருப்பு 163 இருக்க வேண்டும். அறிக்கை 120 என்று சொன்னால் 43 பிரதிக்கு விளக்கம் கேட்கும் கடிதத்தை அன்றே அனுப்புங்கள். உங்கள் சார்பில் கணக்காளர் ஒருவர் கணக்குப் புத்தகத்தைப் பார்வையிடலாம் என்ற ஒரு வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அந்த வரி இருப்பதாலேயே பல அறிக்கைகள் ஒழுங்காக வரும்.

ராயல்டி ஆண்டு வரம்பைத் தாண்டினால் பதிப்பாளர் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டு கொடுப்பார். பான் எண் தராவிட்டால் இருபது. பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். வராத பணத்துக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுக் கெடு இருக்கிறது. அந்தக் கெடுவுக்குள் ‘பாக்கி இருக்கிறது, தருகிறோம்’ என்று பதிப்பாளர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. அதனால் பாக்கியை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

மற்ற உட்பிரிவுகள்

‘இந்நூலால் பதிப்பாளருக்கு ஏற்படும் எல்லா இழப்பையும் ஆசிரியரே ஈடுசெய்வார்’ என்று ஒரு பிரிவு இருக்கும். எழுத்து உங்களுடையதுதான், திருடியதல்ல என்று உறுதி கொடுப்பது சரி. ஆனால் யாரோ ஒருவர் அனுப்பும் மிரட்டல் நோட்டீசுக்கான வக்கீல் செலவும் இந்த வாசகத்தின்படி உங்கள் தலையில் விழும். ‘நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பளித்தால், ஆசிரியர் பெற்ற ராயல்டி அளவுக்கு மேற்படாமல்’ என்று குறுக்குங்கள்.

‘அடுத்த மூன்று நூல்களையும் இப்பதிப்பகத்துக்கே தர வேண்டும்’ என்பதில் கவனம் தேவை. முதலில் இவரிடம் காட்டி, முப்பது நாளில் பதில் இல்லாவிட்டால் வெளியே போகலாம் என்பது நியாயமான ஏற்பாடு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறெங்கும் எழுதக் கூடாது என்று தடுப்பது ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. 2006-இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கொள்கையை மறுபடியும் உறுதிசெய்தது.

பெயரும் பிரதியின் கௌரவமும் தனி. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, இது என் படைப்பு என்று உரிமை கொண்டாடும் உரிமையையும், பெயருக்குக் கேடு வரும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமையையும் எழுத்தாளருக்குக் கொடுக்கிறது. பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும் இது போகாது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தம் நாவலைப் படமாக்க உரிமை கொடுத்த பிறகு இதை வைத்துத்தான் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1986-இல் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்றுப் பேசியது. இருந்தும், வழக்கு வரை போகாமலிருக்க, இறுதி மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதி) ஆசிரியரின் எழுத்துமூல ஒப்புதலோடுதான் அச்சுக்குப் போகும் என்று ஒரு வரி போதும்.

சினிமா உரிமையைப் புத்தக ஒப்பந்தத்தில் சேர்க்கவே கூடாது. அதற்கு வேறு ஒப்பந்தம், வேறு தொகை, வேறு ஆலோசனை. படத்தில் இடம்பெறும் எழுத்துக்கும் இசைக்கும் திரையரங்குக்கு வெளியே வரும் ராயல்டியில் பங்கு கேட்கும் உரிமையை 2012 திருத்தம் பாதுகாத்திருக்கிறது. அதைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

தகராறு வந்தால் எங்கே போவது என்பது கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். 62-ஆம் பிரிவு, உரிமை மீறலுக்கு நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட இடம் கொடுக்கிறது. ‘சென்னை நீதிமன்றம் மட்டுமே’ என்று கையெழுத்திட்டால் திருநெல்வேலியில் இருப்பவருக்கு அந்த வசதி கேள்விக்குள்ளாகும். நடுவர் தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு நடுவர் முடிவு சொல்வது, என்றால் நடுவரை யார் நியமிப்பது என்று பாருங்கள். தகராறில் ஒரு தரப்பாக இருப்பவரே ஒற்றை நடுவரை நியமிப்பதை 2019-இலும், பின்னர் 2024-இல் அரசியல் சாசன அமர்விலும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

பதிவு செய்வது

கட்டாயமில்லை, ஆனால் செய்வது நல்லது. பதிவேடு முதல்நிலைச் சாட்சியமாக நிற்கும், மறுக்க வேண்டிய சுமை எதிர்த்தரப்புக்குப் போகும். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, 14-ஆம் எண் படிவத்தை நிரப்பி, இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டினால் ஒரு டைரி எண் (விண்ணப்பத்தின் அடையாள எண்) கிடைக்கும். அதன்பின் ஆட்சேபணைக்காக முப்பது நாள் காத்திருப்பு, பிறகு பரிசீலனை. வெளியிட்டவர் வேறொருவர் என்றால் தமக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் தரும் மறுப்பின்மைக் கடிதம் தயாராக இருக்கட்டும். படிவத்தில் உள்ள தலைப்பு, பிரதியின் முதல் பக்கத் தலைப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கைப்பிரதியைப் பதிவுத் தபாலில் தனக்கே அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருந்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சட்டத்தில் அதற்குத் தனி மதிப்பு எதுவுமில்லை.

மீறினால்

டெலிகிராமில் பிடிஎஃப் சுற்றுகிறது என்றால், 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75-ஆம் விதி உதவும். படைப்பு எது, நீங்கள்தான் உரிமையாளர் என்பதற்கு என்ன ஆதாரம், எந்த இணைப்பில் இருக்கிறது, 21 நாளில் நீதிமன்ற ஆணை வாங்கித் தருவேன் என்ற உறுதி, இவை அனைத்தும் புகாரில் இருக்க வேண்டும். தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளில் ஆணை வராவிட்டால் அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளத் தளத்துக்கு உரிமை உண்டு. பல புகார்கள் தோற்பது இணைப்பு முகவரியைக் கொடுக்காமல் ‘உங்கள் தளத்தில் இருக்கிறது’ என்று மட்டும் எழுதுவதால்தான்.

ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் பதிப்பாளர் அச்சடித்தால் அது பணப் பாக்கி மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமாக நிற்காது, உரிமை மீறலாகவே ஆகிவிடும். தடையாணை, நஷ்டஈடு, அதில் அவர் ஈட்டிய லாபத்தின் கணக்கு மூன்றும் கேட்கலாம். தெரிந்தே செய்தால் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் இருக்கிறது. மூன்று லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வழக்கு வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசரத் தடையாணை கேட்காத வழக்கில் அதற்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் பழைய தாளை எடுத்துப் பாருங்கள். 1995 மே 10-க்குப் பிறகு போட்ட ஒப்பந்தமாக இருந்து, காலம் குறிப்பிடாமல் இருந்தால், ஐந்து ஆண்டு முடிந்ததும் உரிமை உங்களிடம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு இந்த விதி பொருந்தாது. விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒப்பந்தத்தின் நகலை இணைத்து, எந்தப் பிரிவின்படி எந்த நாளில் காலம் முடிந்தது என்று எழுதி, கையிருப்பு எத்தனை என்று கேளுங்கள். இருப்பை விற்றுத் தீர்க்க ஆறு மாதம் கொடுத்து, புதிதாக அச்சடிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான சான்று கைக்கு வந்த பிறகு புதிய பதிப்பகத்தோடு பேசுங்கள். அட்டைக்கு மட்டும் வேறு படம் தேடுங்கள், பழையது அவர்களுடையதாக இருக்கலாம்.